சல்லடைக் காம்பராக்காரியின் மூச்சு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் காலைப் பஸ்ஸில் பாக்கியலெட்சுமி இரண்டு டிக்கட் எடுத்தாள். ஒன்று தனக்கு. மற்றது பக்கத்து இருக்கையில் வைத்திருந்த மரப்பெட்டிக்கு.

"பெட்டிக்கெல்லாம் டிக்கட் வேணாம் தங்கச்சி. மேல தூக்கிப் போட்டுடலாம்" என்றான் கொண்டக்டர்.

"போடுவீங்க. ஒடஞ்சா நீங்களா குடுப்பீங்க? உள்ள கண்ணாடி இருக்கு."

"என்ன, பவுடர் சாமானா?"

"ஆமா. செத்தவங்களுக்குப் பூசுற சாயம்."

கொண்டக்டர் அதற்கு மேல் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. பெட்டிக்குள் மைக்ரோஸ்கோப் என்கிற பித்தளை நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. அதனோடு பஞ்சில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் செத்துப்போன ஒரு மனிதனின் சுவாசப்பையிலிருந்து சீவி எடுத்த, வெங்காயத் தோலை விட மெல்லிய ஒரு சீவல், ஊதாவும் ரோசாவுமாகச் சாயம் ஏறி ஒட்டியிருந்தது. சீவியவள் அவளே. வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய முதல் ஆள். விலங்கியல். பட்டத்தைக் கொண்டுபோய் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் பிரஜாவுரிமை எண் கேட்டிருந்தார்கள். இந்த மலையில் பிறந்தவளுக்கு அந்த எண் இல்லை. 1948இல் ஒரு சட்டம் வந்து தோட்டத் தமிழரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதை 1961இல் எங்கே போய்த் தேடுவது? கடைசியில் பதுளையில் நோயியல் பார்க்கும் டாக்டர் சிவசுப்பிரமணியம், தன் பொறுப்பில், தற்காலிகம் என்று எழுதி அவளைச் சேர்த்துக்கொண்டார். மெழுகில் பதித்த சதையைச் சீவுவதும் சாயமேற்றுவதும் வேலை. இரண்டு வருடமாகத் தற்காலிகம்.

முந்தாநாள் அஞ்சலட்டை வந்திருந்தது. அக்கா மாரியாயியின் மூத்த மகள் எழுதியது, கோணல் எழுத்தில்: *சித்தி, அம்மா நடிக்கிறாங்கன்னு டிஸ்பென்சரு எழுதிட்டாரு. வெள்ளிக்கெழம பத்து மணிக்கு ஆபிசில அம்மாவ விசாரிக்கிறாங்க. பேர வெட்டிருவாங்களாம். காம்பராவையும் விடச் சொல்லுவாங்களாம்.*

மாரியாயி புருசனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா அவள் பேரில்தான் இருந்தது. வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் காம்பரா.

பதினாலு வயதில் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள், தேயிலை சலிக்கும் சல்லடைக் காம்பராவுக்குள் போனவள் மாரியாயி. பாக்கியத்துக்கு அப்போது நாலு வயது. அங்கே சல்லடை ஆட ஆட, தேயிலையிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு தூசு கிளம்பி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் தேயிலை ஈரமாகிவிடும் என்று திறக்க விடமாட்டார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம். அந்தத் துணியின் உழைப்பில்தான் பாக்கியத்தின் புத்தகம், சட்டை, கொழும்புக்கு ரெயில். முதலில் இருமல். பிறகு இழுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் இழுத்து இழுத்துச் சல்லடை மேலேயே விழுந்தபோது, ஸ்டோரை விட்டு மலைக்குக் கொழுந்தெடுக்க மாற்றினார்கள். தூசு போய்விட்டது, இனி எல்லாம் சரி என்றார்கள்.

சரியாகவில்லை. செங்குத்து மலையில் கூடையோடு ஏற அவளால் முடியவில்லை. நாளும் அரைப்பேர், அரைநாள் கூலிதான். தோட்டத்து டிஸ்பென்சர் ஜெயரட்ணம் சோதித்துவிட்டு எழுதினார்: *சுவாசப்பை சுத்தம். தூசுக்குள் இரண்டு வருடமாக இல்லை. நடிப்பு.*

அந்தக் கடைசிச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் பாக்கியத்துக்குக் காது சூடேறியது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. உள்ளே மாரியாயி அடுப்புக்கு முன்னால் குந்தி, இரும்புக் குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. புகை கிளம்பி, பிறகு பட்டென்று தீ பிடித்தது.

"இதத்தான் அந்த டிஸ்பென்சரு பாத்துட்டாரு" என்றாள் நிமிராமல். "அம்ம ஊசி குத்த வந்தவரு வாசல்ல நின்னு பாத்தாரு. இப்புடி ஊதுறவளுக்கு என்ன இழுப்புன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்த சொல்ல? நான் ஊதாட்டி அவரா வந்து ஊதித் தருவாருன்னு கேட்டேன்."

பாக்கியம் சிரிக்கவில்லை. அக்காவின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா ஊது."

"தீ பிடிச்சிருச்சே, எதுக்கு?"

"ஊதுக்கா."

மாரியாயி ஊதினாள். கன்னம் பலூன் மாதிரி உப்பியது, வற்றியது, மறுபடி உப்பியது. நெஞ்சு அசையவேயில்லை. வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேர்த்து, கன்னத்தால் அமுக்கிக் குழலுக்குள் தள்ளினாள். நெஞ்சு செய்ய வேண்டிய வேலையைக் கன்னம் செய்தது. எத்தனை வருடத்தில் இதைப் பழகினாளோ, அவளுக்கே தெரியாது.

பாக்கியம் நெருப்புப் பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து, அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். "உதட்டக் குவிக்காதே. வாய ஆவென்னு தொறந்து வச்சுக்கிட்டே அணை."

"இது என்னடி வெளையாட்டு?"

"செய்."

மாரியாயி வாயைத் திறந்து ஊதினாள். சுடர் வளையக்கூட இல்லை. நேராக நின்று எரிந்து, பாக்கியத்தின் விரலைச் சுட்டது.

"குச்சி நமுத்துப்போச்சு. இன்னொன்னு கொளுத்து."

இரண்டாவது. மூன்றாவது. மாரியாயியின் முகம் இறுகியது. நாலாவது குச்சியைத் தானே பிடுங்கிக் கிழித்து, உதட்டைக் குவித்துப் பூவென்று ஊதி அணைத்தாள். "இப்ப?"

"கன்னத்தால அணைச்சே. நெஞ்சால முடியல. என்னால முடியும், பாரு." பாக்கியம் வாயைத் திறந்து ஹா என்றாள். சுடர் செத்தது.

மாரியாயி கரிந்த குச்சிகளை அடுப்புக்குள் போட்டாள். "தூசுதான் போயிருச்சே பாக்கியம். இன்னும் என்ன?"

"தூசு போயிருச்சு. ஆனா அது ஒனக்குள்ள கட்டுன சொவரு போகல. மூச்சுப் போற கொழாய்ல அழுக்கு அடச்சிருக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அழுக்குன்னா இருமித் துப்பிரலாம். கொழாயே தடிச்சிருச்சு. மூங்கில் பாத்திருக்கியில்ல? ரெண்டு மூங்கில் வெளியில ஒரே பருமனா இருக்கும். வெட்டிப் பாத்தா ஒன்னுல கையே போகும், இன்னொன்னுல விரல்கூடப் போகாது. கல்மூங்கில்."

"அப்ப என் நெஞ்சுக்குள்ள நான் கல்மூங்கில் வளத்துக்கிட்டு இருக்கேங்கிறே." மாரியாயி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரம் எடுத்தது.

அதற்குள் பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா ஒரு மடிப்புத் துணியோடு வந்து நின்றாள். இன்னும் சல்லடையில் நிற்பவள். காலை முறைக்குப் போகாமல் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். துணியை விரித்தாள். உள்ளே ஒரு பிடி தேயிலைப் பஞ்சுத்தூசு.

"மாரியாயி, இத மோந்துக்க. ஆபிசு வாசல்ல வச்சு நல்லா இழுத்து மோந்தியானா அஞ்சு நிமிசத்துல இழுப்பு வந்துரும். தொர கண்ணால பாக்கட்டும். நடிப்பா நெசமான்னு தெரிஞ்சிரும்."

பாக்கியத்துக்கு அந்த யோசனை ஒரு கணம் பிடித்தேவிட்டது. வெட்கம்தான், ஆனால் பிடித்தது.

மாரியாயி துணியை மடித்து ரெங்கம்மாவின் கையிலேயே திணித்தாள். "நடிச்சேன்னு எழுதுன ஆளு முன்னால நான் நடிக்கணுமா? செத்தாலும் வேண்டாம். ஒழுங்கா இருக்கிற மூச்சோடதான் போவேன்."

"ஒழுங்கா இருந்தா யாரு நம்புவாங்க?"

"இவ பட்டணத்துலேருந்து ஒரு பெட்டி சுமந்துகிட்டு வந்திருக்கால்ல. அது எதுக்கு?"

பத்து மணிக்கு ஆபிசில், தோட்டத்தை நடத்தும் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். இங்கிலாந்துக்காரர், தோட்டத்துக்கு வந்து ஒன்பது வருடம். தோட்டத் துரைமார் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணும் தமிழ் அவருடையது. அதில் எல்லோரும் "நீ"தான். பக்கத்தில் டிஸ்பென்சர் ஜெயரட்ணம், யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயது, வெள்ளைக் களிசான், நோயாளர் விவரம் எழுதும் தடித்த மெடிக்கல் புத்தகம் மடியில். மாரியாயி சுவரோரம் நின்றாள். பாக்கியம் யாரும் சொல்லாமலேயே ஒரு நாற்காலியை இழுத்து, அதன்மேல் பெட்டியை வைத்துத் திறந்தாள்.

"நீ யாரு? வக்கீலா?" என்றார் துரை.

பாக்கியம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தான் இவளுடைய தங்கை என்றும், விலங்கியல் பட்டதாரி என்றும், சுவாசப்பைகளைச் சீவுவது தன் அன்றாட வேலை என்றும், துரையின் தமிழை விடத் தன் ஆங்கிலம் பரவாயில்லை என்பதால் அதிலேயே பேசலாம் என்றும். துரையின் கழுத்து சிவந்தது. ஜெயரட்ணம் இருமிக்கொண்டார். அது சிரிப்பை மறைக்கிற இருமல் போலவும் இருந்தது.

நுணுக்குக்காட்டியை ஜன்னலோரம் வைத்து, அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி மலைப்பனியின் வெளிச்சத்தைப் பிடித்தாள். முதல் சீவலை வைத்தாள்.

"இது மரத்திலிருந்து விழுந்து செத்த ஒரு ஆளுடைய மூச்சுக்குழாய். நோய் இல்லாதது." துரை குனிந்து பார்த்தார். இரண்டாவதை வைத்தாள். "இது இழுப்பில் செத்த ஒருவருடையது. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது."

துரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அழகாக இருக்கிறது. சேலைக்கரை மாதிரி. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தவிர, இது இவளுடையது இல்லையே."

அவ்வளவுதான். இரண்டு டிக்கட் எடுத்து, பக்கத்து இருக்கையில் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தது, சேலைக்கரை.

ஜெயரட்ணம் எழுந்து வந்தார். "நான் ஒருக்காப் பாக்கலாமோ, பிள்ளை?"

குனிந்தவர் நிமிரவேயில்லை. முதல் துண்டைப் போட்டுப் பார்த்தார், இரண்டாவதைப் போட்டார், மறுபடி முதலாவது. "உந்த ரோசாப்பட்டை என்ன? உள்தோலுக்குக் கீழ, கண்ணாடி மாதிரி?"

"அது சாதாரண ஆளுக்கு நூல் மாதிரி இருக்கும் ஐயா. இதுல பட்டையாவே இருக்கு. அதுக்கு வெளியில பாருங்க, தசை. மூணு நாலு மடங்கு. சளி சுரப்பியெல்லாம் வீங்கியிருக்கு. நடுவுல காத்துப் போற வழி எவ்வளவுன்னு பாருங்க."

"ஊசி போட்டா விடுதே. போன மாசம் நான்தானே இவவுக்கு அட்றினலின் போட்டனான். பத்து நிமிசத்தில எழும்பி நடந்தவ."

"ஊசி தசையை இளக்கும். அதனாலதான் எழும்பினா. வளர்ந்த சுவர இடிக்காது. மிச்சம் அப்படியே நிக்கும், இழுப்பு இல்லாத நாள்லயும்."

"இருவத்தஞ்சு வருசமா நெஞ்சில குழலை வச்சுக் கேக்கிறன்" என்றார் ஜெயரட்ணம், கண்ணை எடுக்காமல். "உள்ள எப்பிடி இருக்குமெண்டு இண்டைக்குத்தான் காணுறன்." பிறகு நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா துரை கேட்டது நியாயம். இது ஆரோ ஒருத்தற்றை. உம்மட அக்கா அடுப்பூதினதை நான் கண்ணால கண்டனான். அதுக்கு என்ன சொல்லுறீர்?"

"கன்னத்தால ஊதினா ஐயா. நெஞ்சால ஊதச் சொல்லிப் பாருங்க. நீங்க சோதிச்சப்ப அவளை என்ன செய்யச் சொன்னீங்க?"

"மூச்சை இழுக்கச் சொன்னனான். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"உள்ள இழுக்குறப்ப கொழாய் விரியும். வெளிய விடுறப்பதான் அமுங்கும். அவளுக்கு வெளிய விடுறதுதான் கஷ்டம். அத நீங்க கேக்கவேயில்ல."

ஜெயரட்ணத்தின் முகத்தில் ஏதோ மாறியது. கோபம் வரும் என்று பாக்கியம் காத்திருந்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். "முதல்ல நீர் வாரும். நெஞ்சு நிறைய எடுத்து, வாயைத் திறந்து, ஒரே மூச்சில எல்லாத்தையும் தள்ளும்."

பாக்கியத்தின் தொண்டையில் குழலை வைத்து, மற்றக் கையில் கடிகாரத்தைப் பிடித்தார். "மூண்டு செக்கன். இனி நீர் வாரும், மாரியாயி."

மாரியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். நெஞ்சு நிறைய எடுத்தாள். விட்டாள்.

மூன்று செக்கன் போனது. ஐந்து. அறையில் துரையின் பேனா மேசையில் தட்டுவது நின்றது. ஏழு. மாரியாயியின் கழுத்து நரம்பு கயிறாகத் தெரிந்தது. ஒன்பதில் அவள் நிறுத்தி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாக விட்டால் யாருக்கும் ஒன்பது வரும்" என்றார் துரை.

"வரும் சேர்" என்றார் ஜெயரட்ணம். "இன்னொருக்கா, மாரியாயி. ஏலுமோ?"

"ஏலும் ஐயா. எத்தனதரம்னாலும் ஏலும்."

இந்தத் தரம் குழலை முதுகில், தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மாரியாயி விட்டாள். ஜெயரட்ணம் முதுகில் இடத்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். கண் திறந்தபோது அவர் துரையைத்தான் பார்த்தார்.

"தொண்டையால நடிச்சா தொண்டையில கேக்கும், சேர். இது அடியில கேக்குது. கடைசி நாலு செக்கனும், ரெண்டு பக்கமும், நூல் இழுக்கிற மாதிரி ஒரு விசில். இழுப்பு இல்லாத நேரத்தில. நான் எழுதினது பிழை."

அவர் அதை ஆங்கிலத்திலும் ஒருதரம் சொன்னார். சத்தமாகவே சொன்னார். இப்படி ஒரு வசனத்தை அந்த ஆபிசில் உத்தியோகத்தர் எவரும் சொல்லிப் பாக்கியம் கேட்டதில்லை. அவர்மேல் இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்த ஏச்சையெல்லாம் எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள்.

துரை கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நாத்துமேடை. சம தரை. முழுப்பேர். எழுது" என்றார். காரியம் முடிந்தது என்ற குரல்.

ஜெயரட்ணம் மெடிக்கல் புத்தகத்தில் எழுதி, மைப்பெட்டியைத் திறந்து மாரியாயியின் பக்கம் தள்ளினார். கைநாட்டு வைக்க வேண்டும்.

மாரியாயி பெருவிரலை நீட்டவில்லை. "என்ன எழுதியிருக்கு பாக்கியம்?"

பாக்கியம் வாசித்தாள். "நாட்பட்ட இழுப்பு. மூச்சுக்குழாய் நிலையாக ஒடுங்கியிருக்கு. மலை வேலை கூடாது."

"எதனாலன்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதச் சொல்லு. சல்லடைக் காம்பராவால வந்துச்சுன்னு."

துரைக்கு அது விளங்கிவிட்டது. "நீ நாத்துமேடை வேலை வேணுமா வேணாமா?" என்றார், தன் தமிழில். "அதை எழுதினா நான் ஒத்துக்க முடியாது. இப்போ கைநாட்டு வை. இல்லே, போ."

இரண்டு பெண் பிள்ளைகள். காம்பரா. காலையில் பற்றவைத்த அந்த ஈர விறகடுப்பு. "அக்கா, வச்சுரு" என்று பாக்கியத்துக்கு வாய்வரை வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது தோட்டத்தையே கொளுத்திவிடுகிற ஆத்திரத்தோடு வந்தவள் அவள்தான். இப்போது முதலில் பின்வாங்க நினைத்ததும் அவள்தான். நாளைக்குப் பதுளைக்குப் போய்விடுகிறவள் பயந்தாள். இங்கேயே கிடக்க வேண்டியவள் பயப்படவில்லை.

"தொர" என்றாள் மாரியாயி. மூச்சு வாங்க நிறுத்தினாள். "என் நெஞ்சுக்குள்ள பதினெட்டு வருசமா கட்டுன சொவருன்னு என் தங்கச்சி சொல்லுது. படிச்ச புள்ள. அது சொன்னா சரியா இருக்கும். கட்டுனது யாருன்னு எழுதாம, சொவரு இருக்குன்னு மட்டும் எழுதினா எப்புடிங்க? உள்ள இன்னும் ஆறு பேரு நிக்கிறாளுக. கருப்பம்மாவுக்கு இப்பத்தான் இருமல் தொடங்கியிருக்கு. எனக்கு நாத்துமேட வேணும். ஆனா அந்த வரி இல்லாம என் வெரலு அதுல விழாது."

மாரியாயி கையை மடியில் துடைத்துக்கொண்டு, போகத் தயாராக நின்றாள். அது மிரட்டல் இல்லை. நிஜமாகவே போவாள் என்பது பார்த்த எவருக்கும் தெரிந்தது.

ஜெயரட்ணம் பேனாவை எடுத்தார். கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். எழுதி முடித்துத் தன் கையெழுத்தைப் போட்டு, திகதியும் போட்டார்.

"நான் அதில் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்றார் துரை ஆங்கிலத்தில்.

"மெடிக்கல் புத்தகத்தில துரையின்ர கையெழுத்துக்கு இடமே இல்லை, சேர்" என்றார் ஜெயரட்ணம், மிக மரியாதையாக. "என்ர மட்டும்தான். அடுத்த மாசம் மெடிக்கல் இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பார். முழுப்பேரோட நாத்துமேடை எண்டும் அவர் அதிலதான் வாசிப்பார்."

துரை தன் பேனாவை மூடி வைத்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் ஸ்டோர்ப் பக்கம் போகும் கதவால் வெளியே போனார். எழுதிய வரியை வெட்டு என்று அவர் சொல்லவில்லை. நாத்துமேடை இல்லை என்றும் சொல்லவில்லை.

"வாசி" என்றாள் மாரியாயி.

பாக்கியம் புத்தகத்தைத் திருப்பி, அந்த வரியை முதலில் ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "தேயிலைச் சல்லடை அறையில் பதினெட்டு வருடம் தூசைச் சுவாசித்ததனால் உண்டானது."

மாரியாயி பெருவிரலை மையில் தோய்த்து, அந்த வரிக்கு நேரே, அழுத்தி வைத்தாள்.

"ஐயா" என்றாள் ஜெயரட்ணத்திடம், விரலைத் துடைத்தபடி. "அடுப்பு ஊதுறது பத்திச் சொன்னது கோவமில்லீங்களே?"

"எனக்கு உம்மில கோவமில்லை. எனக்கு என்னிலதான்" என்றார் அவர். பிறகு பாக்கியத்திடம், "உந்தப் பெட்டியை அடுத்த கிழமையும் கொண்டு வாரும் பிள்ளை. சல்லடையில நிக்கிற ஆறு பேரையும் நான் ஊதச் சொல்லிக் கேக்கப்போறன். நீர் பக்கத்தில நிண்டாத் துணை."

வெளியே, ஆபிசுக்குக் கீழே பாதைத் திருப்பத்தில், ரெங்கம்மாவும் கருப்பம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். சிலர் தலையில் சாக்குத்துணி. சிலர் கழுத்தில், மூக்கிலிருந்து இறக்கிவிட்ட துணி. மாரியாயி படியிறங்கி அவர்களிடம் போனாள். பாக்கியம் பெட்டியோடு பின்னால் போனாள். முன்னால் போய் விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டாள். அது அக்கா சொல்ல வேண்டிய செய்தி.

"என்னாச்சு?" என்றாள் கருப்பம்மா.

மாரியாயி வாயைத் திறந்தாள். இறக்கமும் ஆபிசில் விட்ட மூச்சுகளும் சேர்ந்து பேச்சு எழும்பவில்லை. ஒரு கையை உயர்த்தினாள், பொறுங்க என்று. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். முகத்தில் சிரிப்பு ஏற்கனவே வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. அந்தப் பெண்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மறுபடி என்ன என்று கேட்கவில்லை. மூச்சு என்றால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சுற்றி நின்று, அவள் சொல்லும்வரை காத்திருந்தார்கள்.